மொட்டின் எடை

பசுமலையில் மூன்று நாள் பயிற்சி.
ஒரு மாற்று வேட்டி, ஒரு துண்டு,
பிரசங்கக் குறிப்பெழுதிய இருபது வருடத்து நோட்டு.
அதில் பாதி மழையில் நனைந்து ஊதா மை பரவியது.
ரேஷன் கடையில் எடை போடுகிறவன் நான்.
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலையங்குளத்தில்
கூட்டம் நடத்துகிறவன்.
இரண்டிலும் மற்றவர்கள் காத்திருப்பார்கள்,
நான் அளந்து கொடுப்பேன்.

பயிற்சி நடத்தியவள் பெனிட்டா,
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கேட்டாள்:
"அண்ணே, நீங்க இல்லாதப்ப
உங்க கூட்டத்துல யாரு ஜெபிப்பா?"
நான் இல்லாமல் போனதே இல்லை என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.
உசிலம்பட்டி டெய்லர் சிரித்துவிட்டார்.
அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், சாம்பார் சாதம் செரிக்கும் முன்
இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள்.
ஒருவர் பேச வேண்டும்.
மற்றவர் பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது.
எனக்கு அமைந்தவர் பெரியாஸ்பத்திரி வார்டு ஊழியர் சந்தோஷராஜ்.
தள்ளுவண்டியில் தான் தள்ளிப்போன
ஒரு பையனைப் பற்றி ஆரம்பித்தார்.
நாலாவது நிமிடம் எனக்கு ஒரு வசனம் வந்துவிட்டது.
பல்லுக்குப் பின்னால் அதை நிறுத்தி வைத்தேன்.
ஆறாவது நிமிடம் இன்னொன்று, அதைவிடப் பொருத்தமானது.
எட்டாவது நிமிடத்தில்
அவர் அந்தப் பையனின் செருப்பைப் பற்றிச் சொன்னார்.
அழுதார்.
என் வசனம் இரண்டும் பல்லுக்குப் பின்னாலேயே கிடந்தன.

இருபது வருடத்தில் ஒருவரையும் நான்
எட்டாவது நிமிடம் வரை விட்டதில்லை.

சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு
இரண்டு பஸ் மாறி ஊர் வந்தேன்.
மூக்கம்மாளிடம் சொன்னேன்:
"வர்ற வாரம் நீ நடத்து."
ஞானஸ்நானப் பெயர் ரூத்து. யாரும் கூப்பிடுவதில்லை.
"எழுத்தே தெரியாதுண்ணே எனக்கு."
"கதை தெரியும்ல?"
யோசித்தாள்.
விடியற்காலை மூன்று மணிக்கு
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
மல்லிகைக் காட்டில் இறங்குகிறவள்.
"மொட்டுலயே எடுத்துரணும்ணே,
பூத்துட்டா மாட்டுத்தாவணியில சீந்த மாட்டான்" என்றாள்.
எதற்காகச் சொன்னாள் என்று அப்போது கேட்கவில்லை.
கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.
பறித்த பூ விரிவதை
அவள் ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டாள்
என்று ராத்திரி தோன்றியது.
அது ஆரப்பாளையத்திலோ துபாயிலோ
யார் தலையிலோ விரியும்.

ஞாயிறு.
வாசல் பக்கம், செருப்புகளுக்கு அருகில் உட்கார்ந்தேன்.
காணாமல் போன வெள்ளிக்காசு கதை.
அவள் சொன்னதில் அந்தப் பெண்
நெற்றி லைட்டோடு கட்டிலுக்கடியில் ஊர்ந்தாள்.
"ஒம்பது காசு வச்சிருந்தா, ஒண்ணு போச்சு."
பத்து! எனக்கு முழங்கால் தானாக எழும்பியது.
அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருத்தி,
"பத்துக்கா. போனது போக ஒம்பது."
"ஆமா பத்து. கணக்குல நான் எப்பவும் இப்படித்தான்."
எல்லோரும் சிரித்தார்கள்.
"கெடச்ச சந்தோசத்துல
அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு டீ போட்டுருக்கா.
அந்தக் காசு டீக்கே போயிருக்கும்.
இருந்தாலும் கூப்பிட்டா பாருங்க."
என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது
வயிற்றில் ஏதோ புளித்தது. பொறாமைதான்.
இதையும் எழுதத்தானே வேண்டும்.
ஜெபத்தில் அதைச் சொல்ல மூன்று நாள் ஆனது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.
பாமாயில் வாங்க வந்த மூக்கம்மாள்
வியாழக்கிழமை வேலை இருக்கிறது என்றாள்.
பெருங்குடியில் ஒரு பெண்,
செங்கல் காளவாசலில் கூலி,
அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாளாம்.
இல்லை, "அவ சொல்றத மொதல்ல கேக்கணும்" என்றாள்.
"பேரென்ன?"
சொன்னாள்.

இந்த ஊரில் எந்தக் கார்டில் எத்தனை தலை,
யார் பெயர் என்று தூக்கத்திலும் சொல்வேன்.
அது எனக்குத் தெரியாத பெயர்.